பஸ்ஸு, டிக்கெட்டு, ஸுகிஸுகி

இருபது வருடங்களாக எனக்குச் சோறு போடுவது ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலை. பட்ஜெட், பூகம்பம், கூட்டணி முறிவு என்று எது ஆங்கிலத்தில் வந்தாலும் மாலைக்குள் தமிழாகிவிட வேண்டும். எம்.ஏ.வில் படித்தது தமிழ். உத்தியோகம் வாங்கிக் கொடுத்தது ஆங்கிலம். இந்தியாவுக்குள் எங்கே போனாலும் இந்த ஆங்கிலம் அடையாள அட்டை மாதிரி எனக்கு முன்னால் போகும். கவுகாத்தி ஓட்டல்காரரிடமும் போபால் அதிகாரியிடமும் இரண்டு வாக்கியம் பேசினால் போதும், நாற்காலி வந்துவிடும். அந்த நாற்காலி எனக்கா, நான் பேசிய பாஷைக்கா என்று யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது ஜப்பானில் உள்ள ஷிகோகு தீவு.

2023 அக்டோபரில் ஒசாகாவில் மொழிபெயர்ப்பாளர்களுக்கான இரண்டு நாள் கூட்டம். அது முடிந்ததும் பத்து நாள் விடுப்பில் ஷிகோகுவைப் பார்ப்பதாக நானும் சக ஊழியர் ஒருவரும் திட்டம் போட்டிருந்தோம். அவருக்கு ஓரளவு ஜப்பானிய மொழி தெரியும். கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது அவருடைய மாமியார் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். “நீயும் கூட்டம் முடிஞ்சதும் திரும்பிடேன்” என்றார் என் கணவர். நியாயமான யோசனைதான். ஆனால் எனக்கு வயது நாற்பத்தாறு. வெளியூரில் தன்னந்தனியாக ஒரு ராத்திரி தங்கியதில்லை. ஆபீஸ் வேலையாகப் போனால் கூடவே போட்டோகிராபர், டிரைவர், உள்ளூர் நிருபர். குடும்பத்தோடு போனால் நான்கு பெட்டிகள், இரண்டு சாப்பாட்டுக் கூடைகள். எத்தனை மணிக்கு காபி குடிப்பது என்பதைக்கூட நான் மட்டும் தீர்மானித்த ஒரு நாள் நினைவில் இல்லை. டிக்கெட்டை மாற்றவில்லை.

ஷிகோகு, ஜப்பானின் நான்கு முக்கியத் தீவுகளில் சின்னது. 2020 கணக்குப்படி அங்கே இருப்பவர்கள் சுமார் 37 லட்சம் பேர். தீவைச் சுற்றி 88 புத்தக் கோயில்கள். எல்லாவற்றையும் வரிசையாகக் கும்பிட்டுத் தீவை ஒரு சுற்று வருவது ஜப்பானியர்களுக்குப் பழைய யாத்திரை. மொத்தம் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். நடந்தால் ஒன்றரை மாதம் ஆகும். பெரும்பாலானவர்கள் இப்போது காரிலும் டூரிஸ்ட் பஸ்ஸிலும்தான் போகிறார்கள். கோபோ தைஷி என்று போற்றப்படும் துறவி கூகாய் (774 - 835) பிறந்த தீவு இது. சீனா போய் ஓர் இந்தியத் துறவியிடம் சமஸ்கிருதம் கற்றுத் திரும்பியவர் அவர். எனக்கு பக்தி அதிகமில்லை. முதல் பத்துக் கோயில்களும் 30 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன, மூன்று நாளில் நடந்துவிடலாம் என்று கேட்டதில்தான் ஆசை வந்தது.

ஒசாகாவிலிருந்து டோகுஷிமாவுக்குப் பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழியில் 1998இல் திறந்த அகாஷி பாலம். நடு வளைவு மட்டும் 1,991 மீட்டர். கடலுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகிற அந்த நிமிஷங்கள்வரை ஆங்கிலம் என் கூட இருந்தது. டோகுஷிமாவில் இறங்கியதும் அது பின்தங்கிவிட்டது. ரயில் நிலையப் பெயர்ப் பலகைகளில் ரோமன் எழுத்து உண்டு, அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் ஊர் பஸ்ஸின் நெற்றியிலும் கடை வாசலிலும் லாட்ஜ் கதவிலும் இல்லை. ஆட்கள் நம்மைக் கண்டு ஒதுங்குகிறவர்களும் இல்லை. கேட்டால் நின்று, குனிந்து, முழு வாக்கியமாக, மெதுவாக, ஜப்பானிய மொழியில் பதில் சொல்வார்கள். பள்ளியில் ஆறு வருடம் ஆங்கிலம் படித்தவர்கள்தான். எழுதிக் காட்டினால் பலருக்குப் புரிகிறது, பேசத்தான் கூச்சம். என்னுடைய வேகமான, இலக்கணம் பிசகாத ஆங்கிலம் அந்தக் கூச்சத்தை அதிகமாக்கியதே தவிர வேறு ஒன்றுக்கும் உதவவில்லை.

முதல் நாளே எனக்குத் தெரிந்துபோயிற்று, நான் எழுத்தறிவில்லாதவள் என்று. மொழி தெரியாத ஊருக்கு நான் போகாமலில்லை. கொல்கத்தாவில் வங்காளி தெரியாது, பாட்னாவில் ஹிந்தி தகராறு. ஆனால் பலகையில் ஓர் ஓரத்தில் ஆங்கிலம் இருக்கும். இங்கே கழிப்பறைக் கதவில் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரியாமல் நிற்க வேண்டியிருந்தது. ஜப்பானியத்தில் இரண்டு அசையெழுத்து முறைகள். அவற்றுக்கு மேல் சீனத்திலிருந்து வந்த எழுத்துகள். பொதுவாகப் புழங்குவதற்கென்று அரசாங்கம் 2010இல் வகுத்த பட்டியலில் மட்டும் அவை 2,136. பத்து நாளில் படிக்கிற சமாச்சாரமில்லை.

அப்போது எனக்கு ஞாபகம் வந்தது அம்மா.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆரணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி பெரம்பூருக்கு வந்தவள். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கலாசி. ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரி, கோர்ட்டில் இருந்த ஒரு நிலத் தகராறு என்று மெட்ராஸ் முழுக்க அலைந்தவள் அம்மாதான். பஸ் நம்பரில் எண்கள் மட்டும் தெரியும், ரூபாய் நோட்டில் பழகியது. எழுத்துகளுக்கு அவளே பெயர் வைத்திருந்தாள். 29சி என்பது அவளுக்கு ‘இருவத்தொம்பது கொக்கி’. ஸ்டாப்பிங்குகளை விரல் மடக்கி எண்ணுவாள். சினிமா பேனரை அடையாளம் வைத்துக்கொள்ள மாட்டாள். “அது வெள்ளிக்கெழம மாறிப்பூடும், மரம் மாறாது” என்பாள்.

நானும் பெயர் வைக்க ஆரம்பித்தேன். மலை என்ற எழுத்து அச்சாகச் சூலம். ஆறு என்றால் விபூதிப் பட்டையை நிமிர்த்தி நிறுத்திய மாதிரி மூன்று கோடு. சூலத்தின் மேல் சூலம், பக்கத்தில் ஒரு கட்டம் என்றால் வெளியே போகும் வழி. சம்மணம் போட்டு உட்கார்ந்த ஆள் மாதிரி இருப்பது பெண். அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு தைரியமாகப் போகலாம். நான்காவது நாளில் இப்படிச் சுமார் முப்பது உருப்படிகள் கைவசம் இருந்தன. உச்சரிப்பு ஒன்றுக்கும் தெரியாது. அம்மாவுக்கும் அந்தக் கொக்கியை ‘சி’ என்று சொல்வார்கள் என்பது தெரியாது, ஒருநாளும் மாறி ஏறியதில்லை.

கிராமத்து ரயிலும் பஸ்ஸும் படிக்காதவர்களுக்கென்றே செய்த மாதிரி இருந்தன. ஒரே ஒரு பெட்டி; டிரைவர் மட்டும்தான், கண்டக்டர் கிடையாது. பின் கதவில் ஏறும்போது ஒரு சின்னச் சீட்டை இழுத்துக்கொள்ள வேண்டும். அதில் ஓர் எண். டிரைவர் தலைக்கு மேலே பலகையில் எல்லா எண்களும் கட்டங்களாக இருக்கும். வண்டி நகர நகர ஒவ்வோர் எண்ணுக்கும் கீழே கட்டணம் ஏறிக்கொண்டே போகும். இறங்கும்போது நம் எண்ணுக்குக் கீழே இருக்கும் தொகையைச் சில்லறையாகப் பெட்டியில் போட்டுவிட்டு முன் கதவால் இறங்க வேண்டியது. ஒரு வார்த்தை பேச வேண்டாம். முதல் பயணத்தில் எனக்கு முன்னால் இருந்த பள்ளிக்கூடப் பெண் செய்ததைப் பார்த்து அப்படியே செய்தேன்.

இந்த ரயிலுக்கு அவர்கள் பெயர் ‘வன்மன்’. என்னவோ பழைய ஜப்பானியச் சொல் என்று நினைத்தேன். ‘ஒன் மேன்’ என்ற ஆங்கிலம்தான்! இதிலிருந்து ஒரு சங்கதி பிடிபட்டது. ஜப்பானியர்கள் ஆங்கிலம் பேசாவிட்டாலும் நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்களைத் தினமும் புழங்குகிறார்கள், தங்கள் வாய்க்கு ஏற்றபடி. சொல்லின் கடைசியில் ‘ன்’ தவிர வேறு மெய்யெழுத்து நிற்காது. ஓர் உயிர் ஒட்டிக்கொள்ளும். அதனால் பஸ் என்பது ‘பஸு’. ஓட்டல் ‘ஹொதெரு’. நோட்டுப் புத்தகம் ‘நோதொ’. டிக்கெட் ‘சிகெத்தொ’. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. வல்லினம் சொல்லின் கடைசியில் மொட்டையாக நிற்கக் கூடாது என்று நாமும் குற்றியலுகரம் சேர்க்கிறவர்கள்தான். பஸ்ஸு, நோட்டு, டிக்கெட்டு, பாக்கெட்டு.

கான்வென்ட் போகாதவர்களின் இந்த உச்சரிப்பைப் பார்த்து நம்மூரில் சிரிப்பார்கள். கல்லூரியில் சேர்ந்த புதிதில் ‘பஸ்ஸு’ என்று சொன்னதற்காக என் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அந்த ‘உ’வை நாக்கிலிருந்து ஒழிக்க ஒரு வருடம் பிடித்தது. டோகுஷிமாவில் நான் ஆங்கிலச் செய்தி வாசிப்பவர் மாதிரி ‘பஸ்’ என்றால் முழிக்கிறார்கள். பெரம்பூர் மாதிரி ‘பஸ்ஸு’ என்றால் உடனே கையைக் காட்டுகிறார்கள். அன்று மாலை ஒரு கடையில் ‘ஐஸு கிரீமு’ என்று முழுத் தொண்டையில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கையில் போன் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, மொழிபெயர்க்கும் மென்பொருளோடு. பலகையின் மேல் காமிராவைப் பிடித்தால் ஆங்கிலம் மிதந்து வரும். தொழில்முறைப் பொறாமையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னால், பிரமாதமான சாதனம். ஆனால் அதன் குணம் வேறு. ஒரு சாப்பாட்டுக் கடையில் மெனுவைக் காட்டினேன். ‘தாயும் பிள்ளையும் கிண்ணம்’ என்றது. கடைக்காரரைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தேன். சோற்றின் மேல் கோழிக்கறியும் முட்டையும் வைத்துத் தருகிற ‘ஓயாகோதொன்’ அது. கோழி தாய், முட்டை பிள்ளை. போன் சொன்னது ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை என்பதுதான் வேடிக்கை. (எனக்குச் சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை. மீனும் கறியும் தின்று வளர்ந்தவள். ஜப்பான் பயணக் கட்டுரைகளில் பாதி, தயிர்சாதத்துக்கான ஒப்பாரி என்பது என் கட்சி.) வயதானவர்கள் பலரும் போனுக்குள் பேச மறுத்துவிட்டார்கள். அதை மூஞ்சிக்கு முன்னால் நீட்டியதும் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி விறைத்துப் போனார்கள். இரண்டாம் நாளிலிருந்து அதைப் பையின் அடியில் போட்டேன். பலகை ரொம்பச் சதி செய்தால் மட்டும் எடுப்பது.

பாண்டோ என்ற ஆளில்லாத சின்ன ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் முதல் கோயில், ரியோஸென்ஜி. இந்தப் பாண்டோவுக்கு வேறொரு கதை உண்டு. முதல் உலகப் போரில் பிடிபட்ட சுமார் ஆயிரம் ஜெர்மானியச் சிப்பாய்களை 1917 முதல் 1920 வரை இங்கே முகாமில் வைத்திருந்தார்கள். பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை ஆசியாவிலேயே முதல்முறையாக முழுசாக வாசித்தவர்கள் அந்தக் கைதிகள்தான், 1918 ஜூன் 1ஆம் தேதி. ஊர்க்காரர்களும் அவர்களும் எந்தப் பாஷையில் பேரம் பேசிக் காய்கறி வாங்கியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே கோயில் கடையில் எனக்கு வேண்டியதை வாங்கினேன்: வெள்ளை மேல்சட்டை, கோரைத் தொப்பி, ஒரு தடி, கோயில் முத்திரை வாங்க ஒரு நோட்டு, பெயரெழுதும் வெள்ளைச் சீட்டு ஒரு கட்டு.

தொப்பியில் எழுதியிருந்ததை விற்பனைப் பெண் விரலால் விளக்கினாள். என்னைக் காட்டி ஒரு விரல். ஆகாயத்தைக் காட்டி இன்னொரு விரல். இரண்டையும் சேர்த்து நடக்கிற மாதிரி அசைத்தாள். பிற்பாடு தெரிந்துகொண்டேன்: ‘இருவர் ஒன்றாகப் போகிறோம்’ என்று அர்த்தம். தனியாக நடக்கிற யாத்ரீகரின் கூட கோபோ தைஷியும் நடக்கிறாராம். தடிக்கு ரூபாய்க் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த நிமிஷம் பக்தி வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தனியாக வந்த பெண்ணை ‘எங்கே உன் வீட்டுக்காரர்’ என்று கேட்காத ஊர் அது. கேட்க வேண்டிய அவசியமில்லை, தொப்பியிலேயே பதில் இருக்கிறது.

தடியின் தலையில் செதுக்கியிருந்த எழுத்துகளை உற்றுப் பார்த்தேன். ஜப்பானியமும் இல்லை, சீனமும் இல்லை. சித்தம் என்ற பழைய இந்திய எழுத்து. துறவிகள் கொண்டுபோனது, கல்லறைகளிலும் கோயில்களிலும் இன்றும் எழுதுகிறார்கள். கோயிலில் பாராயணம் செய்கிறவர்களின் முணுமுணுப்பின் முடிவில் ‘சோவாகா’ என்று வருவது நம்மூர் ஹோமத்து ‘ஸ்வாஹா’. இதைவிட என்னைத் தூக்கிவாரிப் போட்டது, ஒரு பெட்டிக்கடையில் தொங்கிய குழந்தைகளின் எழுத்து அட்டை. ரோமன் எழுத்தில் உச்சரிப்பும் போட்டிருந்தது. அ, இ, உ, எ, ஒ. அதற்குப் பிறகு க வரிசை, ச வரிசை, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த ஹ முன்காலத்தில் ப. நம் பள்ளிக்கூட அரிச்சுவடியில் பாதியை உதிர்த்துவிட்டுச் சொன்ன மாதிரி இருக்கிறது. புத்தத் துறவிகள் சமஸ்கிருத ஒலிமுறையைப் படித்த பழக்கத்தில் ஏற்பட்ட வரிசை இது. அட்டையை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன்.

வழி தெரிய, கம்பங்களிலும் மதில்களிலும் சிவப்பு அம்புக்குறி, தொப்பி போட்ட சின்ன யாத்ரீகர் படம். எழுத்து வேண்டாம். அம்பு இல்லாத முச்சந்திகளில்தான் வாயைத் திறக்க வேண்டும். கிளம்பும்போது அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்: “ரெண்டு பேரைக் கேளு. ரெண்டு பேரும் ஒரே பக்கம் கையக் காட்டுனா போ.” பத்து நாளும் இதைத்தான் செய்தேன். ‘தோகோ’ என்றால் எங்கே. பதிலாக வருவது கோகோ, ஸோகோ, அஸோகோ. முதல் நாள் எல்லாம் ஒன்றாகக் கேட்டது. மூன்றாவது கோயிலுக்கும் நான்காவதுக்கும் நடுவில், வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி கை நீட்டிச் சொன்னபோது புரிந்தது. தன் காலடி கோகோ. நான் நிற்கிற இடம் ஸோகோ. இருவருக்கும் தூரமாக மலையடியில் இருப்பது அஸோகோ.

இங்கே, உங்கே, அங்கே! தொல்காப்பியம் சொல்லும் மூன்று சுட்டு: அ, இ, உ. நடுவிலே உள்ள உகரச் சுட்டை நாம் தொலைத்துவிட்டோம். யாழ்ப்பாணத்தார் மட்டும் இன்னும் ‘உது’, ‘உங்கை’ என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எம்.ஏ. பரீட்சைக்காக நெட்டுரு போட்ட சூத்திரம் களைக்கொத்தோடு எதிரே நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று அறிஞர் ஸுஸுமு ஓனோ (1919 - 2008) பல வருடங்கள் எழுதினார். தமிழ்த் துறைகளில் அதைப் பெருமையோடு சொல்வார்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அதில் சண்டைக்குப் போக எனக்கும் விருப்பமில்லை. கொரிய மொழியிலும் துருக்கியிலும்கூட வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது. ஆனால் வழியில் நிற்கிறவளுக்கு உறவுமுறை முக்கியமில்லை, உபயோகம் முக்கியம். தினமும் நான் செய்கிற வேலை, ஆங்கில வாக்கியத்தின் வாலைப் பிடித்து இழுத்துத் தலைக்குக் கொண்டுவருவது. இங்கே அந்த வேலை இல்லை. ‘கோயில்-க்கு போகிறேன்’ என்று தமிழில் நினைத்து அதே வரிசையில் சொல்லை மாற்றி வைத்தால் ஜப்பானியம்: ‘ஓதேரா நி இகிமஸ்’. கேள்வியா? நாம் கடைசியில் ‘ஆ’ சேர்க்கிறோம், அவர்கள் ‘கா’. ஆங்கிலத்தில் நினைப்பதை நிறுத்தினேன். எனக்கு இருந்த சொற்கள் நாற்பதைத் தாண்டாது, ஆனால் வரிசை பிசகவில்லை.

யாத்ரீகர்களுக்கு ஊரார் ஏதாவது கொடுப்பது வழக்கம். ‘ஒஸெத்தாய்’ என்பார்கள். ஆரஞ்சு, மிட்டாய், டீ, சில்லறைக் காசு. மறுக்கக் கூடாது. பதிலுக்கு நம் பெயர், ஊர், பிரார்த்தனை எழுதிய வெள்ளைச் சீட்டைக் கொடுக்க வேண்டும். நான்கு சுற்று வரைக்கும் வெள்ளைச் சீட்டு; ஐம்பது சுற்று வந்தவர்களுக்குத் தங்க நிறம்; நூறு தாண்டியவர்களுக்கு ஜரிகைத் துணி. ஒன்றுகூட முழுசாகச் சுற்றாத நான் தமிழில் எழுதிய வெள்ளைச் சீட்டுகளைக் கொடுத்தேன். வாங்கியவர்கள் தலைகீழாகவும் திருப்பியும் பார்த்து, எழுத்தின் வளைவுகளைக் காற்றில் வரைந்து சிரித்தார்கள்.

பத்தாவது கோயில் கிரிஹதாஜி. 333 படிகள். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது இடது குதிகாலில் இரண்டு நாளாக இருந்த கொப்புளம் வேலையைக் காட்டியது. அன்று யோஷினோ ஆற்றைக் கடந்து கமோஜிமா போக வேண்டும். ஆற்றின் நடுவில் யாரும் குடியிருக்காத பெரிய திட்டு, முழுக்க வயல். இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர் இல்லாத தாழ்ந்த பாலங்கள். வெள்ளம் வந்தால் முழுகட்டும் என்றே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். பாதித் திட்டில் கால் செருப்புக்குள் அடங்கவில்லை. சுற்றிலும் மனிதர் இல்லை. போனில் உயிர் இருந்தது. ஆனால் யாரைக் கூப்பிட்டு எந்தப் பாஷையில் என்ன சொல்வது? தடியை ஊன்றி ஒன்றரை மணி நேரம் நடந்து, இருட்டுகிற நேரத்தில் லாட்ஜ் போய்ச் சேர்ந்தேன். வாசலில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு நெருப்பாகச் சுட்டது.

லாட்ஜ் என்றால் ஒரு குடும்பம் தன் வீட்டில் நான்கு அறை விட்டு நடத்துவது. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். காலைப் பார்த்தார். எங்கேயோ போன் செய்தார். தன் குட்டிக் காரில் என்னைத் திணித்து ஒரு சின்ன கிளினிக்குக்குக் கொண்டுபோனார்.

டாக்டரும் கிழவர். வலிக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை, கால் சொன்னது. என்ன மாதிரி வலி என்பதுதான் அவர் கேள்வி. ஆங்கிலத்தில் அதற்கு எனக்குச் சொற்கள் தெரியும். இருபது வருடம் மருத்துவக் கட்டுரைகள் மொழிபெயர்த்தவள். ஒன்றும் எடுபடவில்லை. அவர் விரல் நுனியால் தன் புறங்கையைக் குத்திக் காட்டினார். “சிக்குசிக்கு?” இல்லையென்று தலையாட்டினேன். உள்ளங்கையை லேசாகத் தடவி, சுட்டுக்கொண்ட மாதிரி உதறினார். “ஹிரிஹிரி?” அதுவும் இல்லை. எனக்குத் தாங்கவில்லை. குதிகாலுக்கு மேலே விரலை மடக்கி மடக்கித் தட்டி, “விண் விண்ணுன்னு தெறிக்குது டாக்டர்” என்று தமிழில் கத்தினேன்.

டாக்டர் முகம் மலர்ந்தது. கை விரல்களை நெஞ்சுத் துடிப்பு மாதிரி மூடித் திறந்து, “ஸுகிஸுகி!” என்றார்.

“விண் விண்.”

“ஸுகிஸுகி.”

இரட்டைக்கிளவி. பிரித்தால் பொருள் தராது என்று ஆறாம் வகுப்பில் படிக்கிறோமே, அது. ஜப்பானியத்தில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, இவற்றுக்கென்றே தனி அகராதிகள் உண்டு. நோயாளிகள் வலியை இப்படித்தான் டாக்டரிடம் சொல்கிறார்கள். நம் ஆஸ்பத்திரிகளில் சுருக் சுருக் என்றும் விண் விண் என்றும் கிராமத்துப் பெண்கள் சொல்லும்போது, எதிரே இருக்கும் வெள்ளைக் கோட்டு அதை ஆங்கிலமாக்கி எழுதிக்கொள்ளும். பல சமயம் காதில் வாங்காது. அம்மாவோடு அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருக்கிறேன். “கரெக்டா சொல்லும்மா” என்று அதட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவள் அதைவிடக் கரெக்டாக எப்படிச் சொல்ல முடியும்?

கொப்புளத்தில் சீழ் வைத்து மேலே பரவிக்கொண்டிருந்தது. கீறிச் சுத்தம் செய்தார். காகிதத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார்: இரண்டு நாள் ஓய்வு, நடக்கக் கூடாது. எழுத்து அழகாக இருந்தது. மருந்துக் கடைப் பெண் மாத்திரைப் பையில் சூரியன் உதிக்கிற மாதிரி ஒரு படம், உச்சி வெயில், நிலா என்று மூன்று படம் வரைந்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தாள்.

இரண்டு நாளும் வீட்டுக்கார அம்மாவின் கூடத்தில் கால் நீட்டிக் கிடந்தேன். அவர் சீமைப் பனிச்சைப் பழம் உரித்துத் தருவார். டி.வி.யில் சமையல் நிகழ்ச்சி ஓடும். இடையிடையே அவர் பேசுவார், நான் தமிழில் பதில் சொல்வேன். ஆங்கிலத்தில் சொல்வதும் தமிழில் சொல்வதும் அவருக்கு ஒன்றுதான் என்றால் எனக்குச் சௌகரியமானதில் சொல்லலாமே. இரண்டாம் நாள் பெரம்பூருக்குப் போன் போட்டேன். காலைப் பற்றி அம்மா பதறவில்லை. “ராத்திரிக்கு யாரு பக்கத்துல இருக்கா?” என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். “அப்போ சரி” என்றாள். பிறகு, தானாகவே நாக்பூர் கதையை எடுத்தாள்.

1988இல் அக்காவுக்கு முதல் பிரசவம். அக்கா நாக்பூரில். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா தனியாக ஜி.டி. எக்ஸ்பிரஸில் போனாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எப்படிப் போனாள் என்பதை அன்றுதான் முழுசாகக் கேட்டேன். அப்பாவின் ஆபீஸ் கிளார்க் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் எழுதிக் கொடுத்த விலாசச் சீட்டு முந்தானையில். “பேன்ட்டு போட்டு தனியா நிக்கிறவன்கிட்ட காட்ட மாட்டேன். அவன் அவசரத்துல எதனாச்சும் சொல்லிட்டுப் போவான். புள்ளைய வச்சிருக்கிறவகிட்ட காட்டுவேன். அவளுக்குப் படிக்கத் தெரியலன்னா அவ புருஷன்கிட்ட காட்டுவா. அவன் பொண்டாட்டி எதிர்ல தப்பாச் சொல்ல மாட்டான்.” ரயிலில் எதிரே இருந்த தெலுங்குக்காரியிடம் இட்லி கொடுத்து, நாக்பூர் வரும்போது எழுப்பச் சொல்லியிருக்கிறாள், விஜயவாடாவில் அவள் இறங்கும்வரை. அவள் இறங்கும்போது அடுத்த சீட்டுக்காரியிடம் அம்மாவை ஒப்படைத்துவிட்டு இறங்கியிருக்கிறாள். “கை மாறிக் கை மாறிப் போய்ச் சேர்ந்தேன்” என்றாள். அப்போது அவளுக்கு, இப்போதைய என் வயதுகூட இல்லை.

மூன்றாம் நாள் தடியை ஊன்றிப் பதினோராவது கோயிலுக்கு மட்டும் போய் வந்தேன். நோட்டில் முத்திரைக்கு 300 யென். (2024இல் 500 ஆக்கிவிட்டார்கள்.) பன்னிரண்டாவதற்கு மலையில் 13 கிலோமீட்டர் ஏற வேண்டும், டாக்டர் முகம் கண் முன்னால் வந்தது, திரும்பிவிட்டேன்.

கிளம்பும் காலையில் வீட்டுக்கார அம்மாவுக்கு என் வெள்ளைச் சீட்டைக் கொடுத்தேன். பிரார்த்தனை எழுதும் இடத்தில் விரலை வைத்து என்னவென்று கேட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி தீர வேண்டும் என்று எழுதியிருந்தேன். ‘அம்மா’ என்பதற்கு ‘ஓகாசான்’ தெரியும். முழங்காலைத் தொட்டேன். “ஸுகிஸுகி” என்றேன். “ஆ... ஹிஸா!” என்று தன் முழங்காலையும் தட்டிக்கொண்டு உள்ளே போனார். வலிக்கு ஒட்டுகிற பட்டைகள் இரண்டு பாக்கெட் எடுத்து வந்து என் கையில் வைத்து மூடினார். ஒஸெத்தாய், மறுக்கக் கூடாது.

பெரம்பூரில் அம்மா ஒரு பாக்கெட்டைப் பிரித்தாள்.

“எந்தப் பக்கம் ஒட்டணும்? என்னா எழுதியிருக்கான், படி.”

“எனக்குப் படிக்கத் தெரியாதும்மா.”

அம்மா பாக்கெட்டை வெளிச்சத்துக்குத் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “தோ, படம் போட்டிருக்கான் பாரு. இப்பிடி மடக்கி, நடுவுல உரிக்கணும்” என்றாள்.